மூங்கிற் கம்பும் நடுகல்லும்

புறநானூற்றிலே சாத்தந்தையார் என்னும் புலவர் பாடிய செய்யுள் ஒன்று உண்டு. சோழர் குடியிற் பிறந்த போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூரிலே ஒரு மல்லனோடு மற்போர் செய்து வென்றான். ஒரு காலை அம் மல்லனின் மார்பிலே ஊன்றி, மற்றைக் காலால் அவன் செய்யும் சூழ்ச்சிகளை விலக்கி, அவனை மடக்கி நின்ற காட்சியைப் புலவர் பாடுகின்றார். கிள்ளியின் தந்தை தித்தன். தந்தைக்கும் மகனுக்கும் மன ஒற்றுமை இல்லை. தந்தை கண்டு மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, இதனை அவன் காணவேண்டும் என்பதே புலவரின் ஏக்கம்.

இச் செய்யுளை இருபத்தெட்டு ஆண்டுகளாக வகுப்பிலே கற்பித்து வருகின்றேன். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னே ஆமூரிலே நடந்த மற்போரில் எந்தக் கால் எங்கே இருந்தது என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் என் சொந்த மாணாக்கன் ஒருவன், என் பாடசாலை மைதானத்திலே, எத்தனை அடி உயரம் பாய்ந்தான் என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது. சென்ற ஆண்டு அப்படி ஒரு கேள்வி என்னிடம் வந்தது. அதிலிருந்து பிறந்ததே இக் கட்டுரை.

கடிதம் கேட்டு வந்தவன்

சென்ற வைகாசியில் ஒரு மாலை. முற்றத்து வேம்பின் கீழே ஒரு மோட்டார்ச் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவனை உடனே இனங்கண்டேன். 2003 ஆம் ஆண்டளவில் என்னிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் படித்தவன். இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெல் விளைக்கும் குடும்பத்தின் மகன். பல்கலைக்கழகம் சென்று, அங்கே உயரம் பாய்தலில் தன் பல்கலைக்கழக அணிக்காகக் களம் இறங்கியவன் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். இப்பொழுது தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் ஊதியம் இன்றிப் பயிற்சி கொடுக்கின்றான். பயிற்றுநர்க்குரிய பயிற்சி நெறி ஒன்றுக்கு விண்ணப்பிக்க விரும்பினான். அதற்குப் பாடசாலைக் காலத்துச் சாதனைகளை உறுதிப்படுத்தும் ஆவணம் வேண்டுமாம்.

“ஐயா, எனக்கு ஒரு கடிதம் வேணும். சான்றிதழெல்லாம் 2009 இலே போயிட்டுது. உங்களுக்குத் தெரியும்தானே?” என்றான்.

அவனுடைய சான்றிதழ்கள் மட்டுமா போயின? 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நாங்கள் கிளிநொச்சியை விட்டுக் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தபோது, பாடசாலை மண்டபச் சுவரிலே வெற்றியாளரின் பெயரெழுதித் தொங்கிய பலகை அங்கேயே நின்றது. நாங்கள் மீண்டு வந்தபோது பலகையும் இல்லை, சுவரும் இல்லை. விளையாட்டுப் பதிவேடுகளும் அவ்வாறே. அவனைப் பயிற்றிய உடற்கல்வி ஆசிரியரும் இன்று உயிரோடு இல்லை. எஞ்சியிருந்த சாட்சி நான் ஒருவன்தான். அந்தச் சாட்சியோ மைதானப் பக்கம் தலைவைத்தும் பாராத தமிழ்ப் பண்டிதன்!

பேனாவை எடுத்தேன். “எந்த ஆண்டு? எத்தனை மீற்றர்?” என்று கேட்டேன். அவன் தலை குனிந்தான். பின்பு மெல்லச் சொன்னான்: “அளவு நினைவில்லை ஐயா. எங்கட மூங்கிற் கம்பிலே மேலேயிருந்து இரண்டாவது ஆணி.”

மூங்கிற் கம்பு எனக்கு நினைவிருந்தது. உடற்கல்வி ஆசிரியர் தம் கையாலே இரண்டு மூங்கில்களை நட்டு, ஒழுங்கான இடைவெளியில் ஆணி அறைந்து, அவற்றின்மேற் குறுக்குக் கம்பு வைப்பார். கனகராயன் ஆற்று மணலை மாட்டுவண்டியில் ஏற்றிவந்து குழியிலே பரப்புவார். வண்டிக் கூலி அவர் சம்பளத்திலிருந்து போனது. இவ்வளவும் அறிந்திருந்தும் ஒரு நாளேனும் அம் மணற்குழியின் ஓரத்திலே நான் நின்றதில்லை.

இன்னும் ஒன்றை மறைத்தல் தகாது. அவன் மாகாணப் போட்டிக்குத் தெரிவான ஆண்டிலே, போட்டி நாளன்று நான் இலக்கணச் சிறப்பு வகுப்பு வைத்திருந்தேன். “பாய்ந்து என்ன காணப்போகிறாய்? புணரியலை முடி” என்று தடுத்தேன். அவன் மறுசொற் சொல்லாமல் வகுப்பிலே இருந்தான். உடற்கல்வி ஆசிரியர் வாசலிலே சிறிது நேரம் நின்றார், பின்பு போய்விட்டார். காணாதிருந்த தித்தனைப் பற்றிப் பாடம் சொன்னவனே மற்றொரு தித்தனாய் இருந்தேன்.

பதிவு இருந்தமையால் வாழும் பெயர்

பதிவு எத்துணை வலிமை உடையது என்பதற்கு நம்மவர் ஒருவரையே சான்றாகக் காட்டலாம். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1934 ஆம் ஆண்டிலே பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர். பதினெட்டு வயது நிறையுமுன்னே, 1952 இல், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலே இலங்கையின் சார்பில் உயரம் பாய்ந்தார். 1956 இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் பாய்ந்தார். 1958 இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே 2.03 மீற்றர், அதாவது ஆறடி எட்டங்குலம், தாண்டிப் பொற்பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை பெற்ற முதற் பொற்பதக்கம் அதுவே. நான்கு ஆண்டுகளின் பின் ஜகார்த்தாவில் வெள்ளிப் பதக்கமும் அவருக்குக் கிடைத்தது.

அக்காலத்து உயரம் பாய்தல் இன்றுள்ளது போன்றதன்று. விழுவதற்குத் தடித்த மெத்தை கிடையாது. மணலிலோ மரத்தூளிலோதான் விழவேண்டும். கம்பைத் தாண்டுவது ஒரு திறமை. எலும்பு முறியாமல் இறங்குவது வேறொரு திறமை. 1968 இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கிலே, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் டிக் ஃபொஸ்பரி, முதுகு கம்பை நோக்க மல்லாந்து பாய்ந்து 2.24 மீற்றர் தாண்டினார். மெத்தை வந்தபின்பே அம்முறை உலகெங்கும் பரவல் ஆயிற்று. நம் எதிர்வீரசிங்கமோ அதற்கு முன்பே, காலால் இறங்கிய தலைமுறையினர். அவருடைய ஆறடி எட்டங்குலத்தை எண்ணும்போது அவர் விழுந்த மணலையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

அவர் பாய்ந்ததோடு நின்றவர் அல்லர். லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே கற்றார். அப்பல்கலைக்கழகத்து அணியிலும் இடம்பெற்றார். பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்றார். முதுமையிலே தாய்நாட்டுக்கு வந்து வடக்குக் கிழக்கு மாணவரின் கல்விக்காகவும் விளையாட்டுக்காகவும் உழைத்தார். 2024 ஆம் ஆண்டிலே மறைந்தார். உடலை வளர்த்தவன் உருப்படான் என்று எண்ணிய என் போன்ற பண்டிதர்களுக்கு அவர் வாழ்க்கை ஒன்றே போதிய மறுமொழி. ஆறடி எட்டங்குலம் தாண்டிய கால்களும் கலாநிதிப் பட்டம் பெற்ற அறிவும் ஒருவரிடத்திலேதான் இருந்தன.

டோக்கியோவிலே அவர் பாய்ந்த அளவு நமக்கு எப்படித் தெரியும்? ஒருவர் அளந்தார்; ஒருவர் எழுதினார்; எழுதிய ஏடு அழியாமல் இருந்தது. இரணைமடுப் பையனின் பாய்ச்சலை அளந்தவரும் இருந்தார், எழுதியவரும் இருந்தார். ஏடு மட்டும் இல்லாமற் போயிற்று.

பின்னால் நின்றவர்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து அணியின் பயிற்றுநர் எல்வின் டிரேக் என்பவர். எதிர்வீரசிங்கம் அங்கே இருந்த காலத்திலும் அவரே தலைமைப் பயிற்றுநர். அவரிடம் பயின்ற இருவரைப் பற்றிய செய்தி ஒன்று என் மனத்தை விட்டு நீங்குவதில்லை.

1960 இல் உரோம் நகர ஒலிம்பிக்கிலே பத்து அம்சப் போட்டி. அமெரிக்கர் ரேபர் ஜோன்சனும் தாய்வான் நாட்டவர் யாங் சுவான் குவாங்கும் முதலிடத்துக்கு மோதினர். இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தினர். இருவருக்கும் பயிற்றுநர் டிரேக் ஒருவரே. ஒன்பது அம்சங்கள் முடிந்தன. எஞ்சியிருந்தது 1,500 மீற்றர் ஓட்டம். அதிலே ஜோன்சனைவிடப் பத்து விநாடி முந்தினால் யாங்குக்கே வெற்றி. இருவரும் தம் ஆசிரியரிடம் வழி கேட்டனர். யாங்கை விடாது நிழல்போல் தொடருமாறு ஜோன்சனுக்குச் சொன்னார். ஜோன்சன் தொடர முடியாதவாறு விரைந்து விலகுமாறு யாங்குக்குச் சொன்னார். இருவருக்கும் சொன்னவை முரண்பட்டவை, இரண்டும் உண்மையானவை. எவருக்கும் அவர் ஓரவஞ்சனை செய்யவில்லை. யாங் ஏறக்குறைய ஒரு விநாடிதான் முந்தினார். ஜோன்சன் 8,392 புள்ளிகள், யாங் 8,334. வெறும் 58 புள்ளி வேறுபாடு. ஓட்டம் முடிந்ததும் இருவரும் களைத்து ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றனர்.

ஆசிரியத் தொழிலுக்கு இதைவிடச் சிறந்த உரை எந்த நூலிலே உண்டு? வெற்றி ஒருவருக்கே கிடைக்கும் என்று தெரிந்திருந்தும் இருவர்க்கும் முழுமனத்தோடு வழி சொல்லுதல்! அப்பல்கலைக்கழகம் அவரை மறக்கவில்லை. அதன் மெய்வல்லுநர் அரங்கு இன்று டிரேக் அரங்கு என்றே வழங்குகின்றது. ஓடினவர் பெயரை இடாமல் ஓட்டுவித்தவர் பெயரை இட்டார்கள். அது நுண்ணிய நன்றியறிதல்.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் பாராட்டு இல்லாமல் இல்லை. சிறந்த வீரர்களுக்கு ஆண்டுதோறும் வர்ண விருது அளித்துச் சிறப்பிக்கும் வழக்கம் உண்டு. அது நல்லது. ஆனால் அந்த விழாக்களிலே ஒளி முழுவதும் மேடைக்கு வந்தவர்மேலேயே விழுகின்றது. மணல் ஏற்றிவந்தவர்மேல் விழுவதில்லை.

அணியாக ஆடும் விளையாட்டுகளிலே இக்குறை இன்னும் பெரிது. வலைப்பந்தாட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அணிக்கு எழுவர். அவர்களுள் இருவர் மட்டுமே வலையிற் பந்தை இடலாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுதல் ஆகாது; மூன்று விநாடிக்குள் அடுத்தவருக்கு எறிந்துவிடவேண்டும். நம் யாழ்ப்பாணத்து மகள் தர்ஜினி சிவலிங்கம் 2011 ஆம் ஆண்டு உலக வலைப்பந்தாட்டப் போட்டியிலே பந்திடுவதில் முதன்மை பெற்றார். அவர் இடம்பெற்ற இலங்கை அணி 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆசிய வெற்றிக் கிண்ணத்தைக் கைக்கொண்டது. ஆறே முக்கால் அடிக்கும் மேற்பட்ட உயரம் அவருக்கு இயற்கை தந்த பேறு. ஆயினும் நடுக்களத்திலிருந்து பந்து அவர் கைக்கு வந்து சேராவிடின் அவ்வுயரத்தால் யாது பயன்? பந்தை வலையிலிட்டவர் பெயரை நாம் அறிவோம். பந்தைக் கொடுத்தவர் பெயர் நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்?

சாத்தந்தையாரிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. வென்ற கிள்ளியின் பெயரைச் சொன்னார். காணாத தித்தனின் பெயரையும் சொன்னார். தோற்றவனையோ ஆமூர் மல்லன் என்பதற்குமேல் நாம் அறியோம். வலிய எதிரி ஒருவன் இல்லாமல் வெற்றி ஏது? அவனுக்கும் ஒரு தாய் பெயர் வைத்திருப்பாள் அல்லவா?

கல் நடும் மரபு

வீரனைப் போற்றும் முறையைத் தமிழர் பிறரிடம் கடன் வாங்கவேண்டியதில்லை. போரிலே பட்டவனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியர் புறத்திணையியலிலே படிப்படியாக வகுத்துள்ளார். தக்க கல்லைக் காணல் முதற்படி. பின்பு அதனைக் கொணரத் தொடங்குதல், நீராட்டுதல், நடுதல், படையல் இடுதல் என்று சென்று, வாழ்த்துதலில் அது முடியும். சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்திலே காதைகளின் பெயர்களும் இவ்வரிசையிலேயே அமைந்துள்ளன. இதிலே நான் கவனிப்பது ஒன்று: வாழ்த்துக் கடைசியில்தான் வருகின்றது. கல்லைத் தேடுவதும் சுமப்பதும் கழுவுவதும் அதற்கு முன்னே செய்து முடிக்கவேண்டிய வேலைகள். நாமோ வேலைகளை விட்டுவிட்டு நேரே வாழ்த்துக்குப் பாய்கின்றோம். மாலை, பொன்னாடை, கைதட்டல், மறுநாள் மறதி.

வன்னி மண்ணிலே கல்லுக்கு மற்றொரு கதையும் உண்டு. 1803 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள், ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவிலே ஆங்கிலப் படைத்தலைவன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று அங்கே ஒரு கல் நாட்டப்பட்டது. வென்றவன் புகழுக்காக நாட்டிய கல் அது. காலமோ அதனைத் தலைகீழாக்கிற்று. அக்கல் யாரைத் தோற்றவன் என்றதோ, அவனையே இம்மண் தன் வீரனாகக் கொண்டாடுகின்றது. டிரிபேர்க்கின் பெயரை அவனோடு சேர்த்தே நினைக்கின்றோம். தோற்றவன் பெயரையும் எழுதியபடியால் அக்கல் இருவருக்கும் உரியதாயிற்று. ஆமூர் மல்லனுக்குக் கிடைக்காத பேறு பண்டாரவன்னியனுக்குக் கிடைத்தது.

இனிச் செய்யவேண்டியது

வன்னி இன்று பல்கலைக்கழகம் இல்லாத நாடு அன்று. 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இயங்கிய வவுனியா வளாகம், 2021 ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாம் நாள் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பம்பைமடுவிலே அதன் பிள்ளைகள் ஓடுகின்றனர், பாய்கின்றனர். கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியற் பீடங்கள் உள்ளன. கிளித்தட்டு மறித்தும், குளக்கட்டிலே ஓடியும், மாட்டுவண்டிச் சவாரியின் பின்னே கூவிக்கொண்டு விரைந்தும் கால் உரம்பெற்ற பிள்ளைகள் அங்கெல்லாம் செல்கின்றனர்.

இளம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெரும் நன்மை உண்டு. அதன் முதல் ஏடு இன்னும் முடியவில்லை. நூறு ஆண்டு சென்றபின் தேடி எழுதுவதிலும், கண்டவர் இருக்கும்போதே எழுதுவது எளிது. ஆகவே என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கின்றேன். பல்கலைக்கழகமாயினும் பாடசாலையாயினும் விளையாட்டுப் பெருமை ஏடு ஒன்று தொடங்குக. அதில் ஒவ்வொரு வெற்றிக்கும் நான்கு பத்திகள் இருக்கட்டும். முதற் பத்தியிலே வென்றவர் பெயரும் அளவும். இரண்டாவதிலே பயிற்றியவர் பெயர். மூன்றாவதிலே உடன் ஆடியவர்கள் அனைவரின் பெயர்கள், மேலங்கி அணிந்து வரிசையில் காத்திருந்தும் களம் இறங்க வாய்ப்புக் கிட்டாதவர் உட்பட. நான்காவதிலே இரண்டாமிடம் பெற்ற எதிராளியின் பெயர். ஓர் ஏட்டை மட்டும் நம்பி இருக்கவேண்டாம். மூன்று படிகள் எடுத்து மூன்று ஊர்களிலே வைக்கவேண்டும். ஒரே சுவரிலே எல்லாப் பெயர்களையும் எழுதிவைத்தால் என்ன நேரும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.

பெற்றோர்க்கும் என்னைப் போன்ற ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். பரிசளிப்பு நாளிலே வந்து கை தட்டுவது பெரிதன்று. பயிற்சி நாளிலே ஒருமுறை மணற்குழி ஓரத்திலே போய் நில்லுங்கள். பிள்ளை கம்பைத் தட்டி விழுவதையும் எழுவதையும் கண்ணாலே காணுங்கள். கண்டவன் மறவான், மறவாதவனே சாட்சி ஆவான்.

அன்று மாலை அவனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். நான் கண்ணாற் காணவில்லை என்பதையும், அவனை ஒருமுறை போட்டிக்குப் போகவிடாமல் தடுத்தவன் நானே என்பதையும் அதிலே எழுதினேன். வாசித்துவிட்டு அவன் சிரித்தான். “இது வேண்டாம் ஐயா. அதுக்குப் பதிலா எங்கட சேரின்ர பெயரைப் போடுங்கோ” என்றான். இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

அவன் போனபின் ஒரு புதிய அப்பியாசக் கொப்பியை எடுத்து, முதற் பக்கத்திலே நான்கு பத்திகள் கீறினேன். அவன் பெயரை எழுதினேன். பக்கத்திலே அவனுடைய ஆசிரியரின் பெயரை எழுதினேன். உடன் பாய்ந்தவர்களின் பெயர்களை அவன் சொல்லியபடியே நிரப்பினேன். இருவர் இப்போது கடல் கடந்து வாழ்கின்றனர், ஒருவர் இல்லை. இரண்டாமிடம் பெற்றவனை அவன் மறந்திருக்கவில்லை. அவன் பெயரும் ஏறிற்று. அளவு என்னும் இடத்துக்கு வந்தபோது கை தயங்கியது. மீற்றரிலே ஓர் எண்ணைக் கற்பித்து எழுத மனம் ஒப்பவில்லை. வெறுமையாக விடவும் மனமில்லை. அவன் சொன்னதையே எழுதினேன்: மூங்கிற் கம்பில் மேலிருந்து இரண்டாம் ஆணி.